பறவைகளை மட்டும் எண்ணவும்

ஜனவரி இருபத்துநான்காம் தேதி, காலை ஐந்தேமுக்கால் மணி. நீர்விளாகம் ஏரியின் பறவைகள், மறுநாள் ஒரு வடைக் காகிதத்தில் கிடைத்த கணக்கின்படி, நாலாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. அவற்றைக் காப்பதற்கென்று சரணாலயத்தில் அமர்த்தப்பட்டிருந்த காவலர்கள் நான்கு பேர். நால்வரில் விழித்திருந்தவர் ஒருவர். பெயர் தணிகாசலம்.

அவர் விழித்திருந்ததற்குக் கடமையுணர்ச்சி காரணமில்லை. அவர் மனைவி அஞ்சலைதான் காரணம். பதினோரு வருடமாகத் தணிகாசலம் அங்கே தற்காலிகக் காவலர். பதினோரு வருடமாக அஞ்சலையும் பொறுத்துப் பார்த்தாள். முந்தின நாள் தட்டில் களியைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"இந்தக் கொடியேத்தத்துக்குள்ள நீ நிரந்தரம் ஆகலைன்னா, இந்த வீட்டுலயும் நீ தற்காலிகம்தான். சொல்லிட்டேன்."

வெறும் மிரட்டல் என்று சொல்ல முடியாது. ரேஞ்சர் யமுனா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு இருபத்துநான்கு, இருபத்தைந்து இரண்டு நாள் காலையிலும் நடக்கும். கணக்கு இருபத்தைந்தாம் தேதி மாலை ஆறு மணிக்குள் ஒழுங்காக மேலிடத்துக்குப் போய்விட்டால், மறுநாள் குடியரசு தினக் கொடியேற்றத்தில் தணிகாசலத்தின் கையில் நிரந்தர ஆணை. போகாவிட்டால் நான்கு பேரும் மலையடிவாரத்து மரக்கிடங்குக்குப் போக வேண்டியது. அங்கே காவல் காக்க இருப்பவை அடுக்கிவைத்த கட்டைகள். நீர்விளாகத்தில் பதினோரு வருடம் பறவைகளோடு இருந்த மனிதருக்கு அது பெரிய இறக்கம்தான். கட்டைகளின் கருத்து தெரியவில்லை.

தணிகாசலம் மற்ற மூவரையும் எழுப்பினார். பிச்சாண்டி ஆறடி ஆள். பசி அதைவிட ஓரடி கூடுதல். செண்பகவல்லி எந்தப் பேச்சிலும் சட்டம் பார்ப்பவர். லூர்துசாமிக்கு முத்து முத்தான கையெழுத்து. அதனால் எதை எழுத வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

ரேஞ்சர் அனுப்பிய சுற்றறிக்கையை லூர்துசாமி உரக்கப் படித்தார்.

"காவலர்கள் சூழலோடு ஒன்றிப்போகும் நிறத்தில் உடை அணியவும்."

"சூழல்னா என்னய்யா?" என்றார் பிச்சாண்டி.

"நம்மளைச் சுத்தி இருக்கிறதுதான் சூழல்," என்றார் செண்பகவல்லி.

நால்வரும் தங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். காவல் அறைச் சுவருக்கு அந்த வருடம் ரோஸ் பெயின்ட் அடித்திருந்தார்கள். செண்பகவல்லி வீட்டுக்குப் போய் ரோஸ் புடவை கட்டி வந்தார். சுவர் ஓரமாக நின்றால் ஆள் இருப்பதே தெரியவில்லை, எல்லோரும் பாராட்டினார்கள். லூர்துசாமி, கரையெங்கும் அறிவிப்புப் பலகைகள் இருப்பதைக் கவனித்து, 'இங்கு குளிக்காதீர்' என்ற பலகையைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொண்டார். பிச்சாண்டி ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையைக் கொடியோடு இழுத்து, இடுப்பிலிருந்து தலைவரை சுற்றிக்கொண்டார். தணிகாசலம் மட்டும் தன் பழைய காக்கிச் சட்டையோடு நின்றார். அது துவைத்துத் துவைத்துச் சேற்றின் நிறத்துக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது.

அப்போது கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பிச்சாண்டியைப் பார்த்தது. நின்று நிதானமாக யோசித்தது. பிறகு நடந்து வந்து அவர் தோளிலிருந்து தின்னத் தொடங்கியது.

"அசையாதே," என்றார் தணிகாசலம். "சூழலோடு நல்லா ஒன்றிப்போயிட்டே. அதான் அது நம்புது."

பிச்சாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

லூர்துசாமி அடுத்ததைப் படித்தார். "பறவைகளுக்கும் தங்களுக்கும் இடையே குறைந்தது நூறு மீட்டர் தூரம் இருக்க வேண்டும். பைனாகுலர் வழியாக மட்டுமே பார்க்கவும்."

சரணாலயத்துக்கு ஒரே ஒரு பைனாகுலர். அதைக் கண்ணில் வைத்த செண்பகவல்லி அலறிவிட்டார்.

"ஐயோ, நாரை மூக்கு மேலேயே நிக்குது! நூறு மீட்டர் எங்க இருக்கு? ரெண்டு முழம்கூட இல்லையே!"

பைனாகுலரை இறக்கிப் பார்த்தார். நாரை தூரத்தில் இருந்தது. மறுபடி வைத்தார். கிட்டே வந்துவிட்டது.

"பைனாகுலர்லதான பார்க்கச் சொல்லியிருக்கு," என்றார் தணிகாசலம். "வெறுங்கண்ணு சொல்றது செல்லாது. பின்னால போகலாம்."

பின்னால் போனார்கள். ஐம்பது அடி போய்ப் பார்த்தார்கள். நாரை இன்னும் மூக்கருகே. புளியந்தோப்பைத் தாண்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் நகர்ந்திருந்தது, போதாது. நால்வரும் முகத்தை ஏரிப் பக்கம் வைத்துக்கொண்டு முதுகுப் பக்கமாக நடந்தார்கள். பிச்சாண்டியைத் தின்றுகொண்டே எருமையும் கூட வந்தது.

போகும் வழியில், ஏரியிலிருந்து பிரிகிற வாய்க்காலில், ஒரு நீர்நாய் தலையை நீட்டியது. அந்தப் பகுதியில் நீர்நாயைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இதற்கும் சுற்றறிக்கையில் வழி சொல்லப்பட்டிருந்தது. லூர்துசாமி படித்தார்: "நீர்நாய் போன்ற அரிய விலங்குகள் தென்பட்டால் உடனே தெரிவிக்கவும்."

"யார்கிட்ட?" என்றார் தணிகாசலம்.

"அது போடலை. உடனேன்னு மட்டும் இருக்கு."

"உடனேன்னா பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்ககிட்டதான் தெரிவிக்க முடியும்," என்றார் செண்பகவல்லி.

பக்கத்தில் இருந்தது நீர்நாய்தான். தணிகாசலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாய்க்கால் ஓரம் போய், தொண்டையைச் செருமினார்.

"ஐயா, தாங்கள் தென்பட்டுவிட்டீர்கள்."

நீர்நாய் முழுவதையும் கேட்டது. பிறகு முங்கியது. 'ஏழு மணி ஐந்து நிமிடம். நீர்நாய் தென்பட்டது. உரியவரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று லூர்துசாமி குறித்துக்கொண்டார்.

ஒருவழியாக, நாரை நூறு மீட்டர் தூரத்தில் இருப்பதாகப் பைனாகுலர் ஒப்புக்கொண்ட இடம், கடைத்தெருப் பேருந்து நிறுத்தம். அதற்குள் எருமை பிச்சாண்டியை முடித்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது அண்டர்வேரும் துண்டும். பேருந்துக்கு நின்றவர்கள் லூர்துசாமியின் மார்பில் இருந்த 'இங்கு குளிக்காதீர்' பலகையைப் படித்துவிட்டு, ஈரத்தோடு நின்ற பிச்சாண்டியைப் பார்த்து, யார் குற்றவாளி என்பதைத் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அங்கே வந்து சேர்ந்ததும் ஏரிமேல் பனிமூட்டம் ஏறிவிட்டது. நாரையும் மறைந்தது. பைனாகுலரில் தெரிந்த ஒரே பறவை, தெருக்கோடிக் கோழிக்கடைப் பலகையில் வரைந்திருந்த சேவல். அதுவும் நூறு மீட்டருக்குச் சரியாக இருந்தது.

பத்து மணிக்கு ரேஞ்சர் போன் செய்தார்.

"தணிகாசலம், இன்னிக்கு மொத்தம் எத்தனை?"

"ஒண்ணுங்கம்மா."

"ஒரு ஆயிரமா?"

"ஒரு சேவலும்மா. நல்ல ஆரோக்கியமா இருக்கு. நாங்க பார்த்த வரைக்கும் அசையவே இல்லை."

ரேஞ்சர் யமுனா நல்ல மனுஷி. போனைத் துண்டித்துவிடவில்லை.

"இங்க பாருங்க," என்றார். "தூரம், டிரஸ் எல்லாத்தையும் விட்டுத் தள்ளுங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் காவல் கோபுரத்து மேல ஏறி உட்காருங்க. எட்டு மணி வரைக்கும் பறவைகளை மட்டும் எண்ணுங்க. வேற எதையும் எண்ணாதீங்க. பேசாதீங்க. புரிஞ்சுதா? உங்க வேலையே இதுலதான் இருக்கு தணிகாசலம்."

"புரிஞ்சுதும்மா. பறவைகளை மட்டும் எண்ணணும்."

"வேற எதையும்?"

"எண்ணக் கூடாது."

"அப்புறம், வரித்தலை வாத்து வந்தா விட்டுடாதீங்க. இமயமலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வருது. தலையில ரெண்டு கறுப்பு வரி இருக்கும். அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம்."

போனை வைத்ததும் நால்வரும் ஏரிக்குத் திரும்பிக் கோபுரத்தடியில் கூடினார்கள். வேலையே இதில்தான் இருக்கிறது என்று ரேஞ்சர் சொன்ன பிறகு, சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது.

"எண்ணுறதுன்னா என்ன?" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போறது," என்றார் பிச்சாண்டி.

"அது எண்ணிக்கை," என்றார் செண்பகவல்லி. "அம்மா எண்ணிக்கை எடுன்னா சொன்னாங்க? எண்ணுன்னாங்க. எண்ணம்னா என்ன?"

"நினைப்பு," என்றார் லூர்துசாமி.

"அப்போ எண்ணுறதுன்னா?"

"நினைக்கிறது."

பிச்சாண்டிக்குச் சந்தேகம் தீரவில்லை. "கணக்கெடுப்புன்னு தாள்ல போட்டிருக்கே?"

இங்கேதான் தணிகாசலத்துக்குப் பொறி தட்டியது. பதினோரு வருட அனுபவம் வீண் போகவில்லை.

"ஏன்டா, வேற எதையும் எண்ணாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாங்களா இல்லையா? கணக்கா இருந்தா வேற எதைப் போய் நாம எண்ணப் போறோம்? ஏரித் தண்ணியையா? மனசுலதான்டா வேற எண்ணம் வரும். அதைத்தான் அம்மா வர விடாதீங்கன்னு சொல்றாங்க. பேசாதீங்கன்னு சொன்னதும் அதுக்குத்தான்."

பிச்சாண்டிகூடத் தலையாட்டினார். மேலிடத்து உத்தரவுகளில் இவ்வளவு ஆழம் இருக்கும் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

"அந்த வாத்துத் தலையில ரெண்டு வரின்னாங்களே," என்று இழுத்தார் லூர்துசாமி. "என்ன எழுதியிருக்கும்?"

"அவ்வளவு தூரத்துல இருந்து வருது. அட்ரஸா இருக்கும்," என்றார் செண்பகவல்லி.

"தலையெழுத்தா இருக்கும்," என்றார் பிச்சாண்டி.

"எதுவா இருந்தாலும் நான் படிச்சுச் சொல்றேன்," என்றார் லூர்துசாமி. "ரெண்டே வரிதான."

மறுநாள் காலை ஆறு மணிக்கு நால்வரும் கோபுரத்து மேல்தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மனம் சிதறாமல் இருக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். செண்பகவல்லி ஒரு விதி போட்டார்: வேறு எண்ணம் வந்தால் நாணயமாகக் கையைத் தூக்கிவிட வேண்டும், போனதும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குப் பிச்சாண்டி கையைத் தூக்கினார். பிறகு இறக்கவேயில்லை.

தணிகாசலம் பறவையைப் பிடித்துக்கொண்டார். முதலில் நாரை ஒன்றை எண்ணினார். அது மெல்ல மெல்ல அஞ்சலை மாதிரி முகம் சுளித்தது. விரட்டிவிட்டுக் கொக்கை எண்ணினார். கொக்கு ஒற்றைக் காலில் நின்று, "தற்காலிகம்தான், சொல்லிட்டேன்," என்றது. பயந்துபோய், தான் வாழ்நாளில் பார்த்திராத பறவையாகத் தேர்ந்தெடுத்துப் பென்குவினை எண்ணினார். அது ஒன்றும் சொல்லவில்லை. கோட்டுப் போட்ட அதிகாரி மாதிரி மரியாதையாக நின்றது. கூட மூன்று பென்குவின்களைச் சேர்த்துக்கொண்டார். மனம் நிலைத்தது. பதினோரு வருடத்தில் இவ்வளவு கவனமாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

இவர்கள் கண்ணை மூடியிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஏரியில் அந்த வருடத்துக் கூட்டமெல்லாம் வந்து இறங்கியது. நீலச்சிறகி வாத்துகள் தண்ணீரை மறைத்தன. பூநாரைகள் வரிசையாகக் கோபுரத்துக்கு மேலே பறந்தன. ஒரு மீன்கொத்தி, தோதான கிளை என்று நினைத்துப் பிச்சாண்டியின் தூக்கிய கையில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்தே இரண்டு முறை பாய்ந்து மீன் பிடித்து வந்து தின்றது. பிச்சாண்டி அசையவில்லை. அவர் வேறு ஓர் எண்ணத்தில் ஆழ்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு அருளப்பன் வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்; ஒவ்வொரு குளிர்காலத்திலும் சொந்தப் பைனாகுலரும் நோட்டுமாக வந்து பறவை பார்ப்பவர். கோபுரப் படி ஏறி மேலே தலை தெரிந்ததும், கீழே நாணல் ஓரத்தைக் கைகாட்டிக் குதூகலமாகச் சொன்னார்:

"ஆகா! அதோ மடையான்!"

நான்கு பேரும் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவரா இருந்தா வாய்க்கு வந்தபடி பேசுவீங்களா?" என்றார் செண்பகவல்லி.

"உங்களை இல்லம்மா. அந்தக் கொக்கைச் சொன்னேன். மடையான்ங்கறது அதோட பேரு. காக்கி நிறத்துல, அசையாம, தண்ணி ஓரமா நிக்குது பாருங்க. பக்கத்துல போற வரைக்கும் பறவைன்னே தெரியாது. பறந்தாத்தான் வெள்ளை இறக்கை தெரியும்."

"அதுக்கும் இந்தப் பேரா?" என்றார் தணிகாசலம் இரக்கத்தோடு. பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அருளப்பன் கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்தார். "பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு..."

"சார்," என்றார் தணிகாசலம், கண்ணைத் திறக்காமல். "கணக்குப் போடாதீங்க. நாங்க எண்ணிக்கிட்டிருக்கோம்."

"நானும் எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"வாய்விட்டு எண்ணினா எங்களுக்குக் கலையுதுல்ல? மனசுக்குள்ள எண்ணுங்க."

அருளப்பன் முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் இருந்தவர். எங்கே விவாதிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். மனதுக்குள்ளேயே எண்ணி, தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தார். ஏழேமுக்காலுக்குப் பைனாகுலரை இறக்காமலே ஒரு பக்கமாகக் கைநீட்டினார்.

"வரித்தலை..." என்றார் மூச்சு வராமல். "வரித்தலை வாத்து! நாப்பத்தொண்ணு!"

லூர்துசாமி கண்ணைத் திறக்கவில்லை. எட்டு மணி வரை திறக்கக் கூடாது. ஆனால் காது தூக்கிக்கொண்டது.

"சார், தலையில ரெண்டு வரி இருக்கா?"

"இருக்கு, அழகா இருக்கு!"

"படிங்க சார்."

"என்னது?"

"சத்தமாப் படிங்க சார். நான் எழுதிக்கிறேன். முதல் வரி என்ன?"

அருளப்பன் மறுபடி நோட்டுக்குத் திரும்பினார். எட்டு மணிக்குத் தாளைக் கிழித்து மடித்துத் தணிகாசலத்தின் மடியில் வைத்தார். "உங்க ரேஞ்சர்கிட்ட குடுத்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தணிகாசலம் தாளைத் திறந்து பார்த்தார். வரிசையாகப் பெயர்கள், எதிரே எண்கள், அடியில் கூட்டல்.

"கணக்கு," என்றார் முகத்தைச் சுளித்து. "எண்ணுறதை விட்டுட்டு மனுஷன் இதையா போட்டுக்கிட்டிருந்தாரு?" தாளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார்.

பிறகு அரசாங்கப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார்கள். எழுதியவர் லூர்துசாமி.

"பென்குவின், நாலு," என்றார் தணிகாசலம்.

"நான் ஆந்தை ஒண்ணு," என்றார் செண்பகவல்லி. "ஆனா அது என் நாத்தனார் மாதிரி இருந்துச்சு. நாத்தனாரா ஆந்தையான்னு எனக்கே கடைசி வரைக்கும் தெளிவாகலை."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"ரெண்டுக்கும் ஒரே முகம்தான்."

"அப்போ ஆந்தைன்னே போடு," என்று தீர்ப்புச் சொன்னார் தணிகாசலம். "பிச்சாண்டி, நீ?"

பிச்சாண்டி தரையைப் பார்த்தார். "நான் ரெண்டு மணி நேரமும் வேற எண்ணத்துலதான் இருந்தேன். கை தூக்கிட்டேன்ல?"

"எதை எண்ணினே?"

"சிக்கன் சிக்ஸ்டிஃபைவ்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செண்பகவல்லிதான் வழி கண்டுபிடித்தார்.

"கோழி பறவைதானே? அப்போ அது வேற எண்ணம் ஆகாது. கையை வீணாத் தூக்கிட்டே."

பிச்சாண்டிக்குக் கண் கலங்கியது. லூர்துசாமி எழுதினார்: 'கோழி, அறுபத்தைந்து.'

தன் பங்குக்கு லூர்துசாமி வரித்தலை வாத்து ஒன்றை எழுதி, குறிப்புப் பகுதியில், 'இரண்டு வரிகள் உள்ளன. வாசகம் தெரியவில்லை' என்று சேர்த்தார். ஆக மொத்தம் எழுபத்தொன்று.

மாலை ஐந்தேகாலுக்கு ரேஞ்சர் யமுனா ஜீப்பில் வந்து இறங்கினார். மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப இன்னும் முக்கால் மணி நேரம்தான். அஞ்சலை அன்று இதற்காகவே வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். ரேஞ்சரம்மா கையில் நாலு வடை கொடுத்தால் நிரந்தரம் கொஞ்சம் கெட்டிப்படும் என்பது அவள் கணிப்பு. இலை தீர்ந்துபோனதால் தணிகாசலம் சாப்பாட்டுப் பையில் கிடந்த தாளில் வடையை மடித்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் படிவத்தை வைத்தார்.

ரேஞ்சர் முதலில் படிவத்தைப் படித்தார். பென்குவினில் நின்றார். கோழியைத் தாண்டினார். நாத்தனாரைப் பற்றி லூர்துசாமி நேர்மையாக அடிக்குறிப்புப் போட்டிருந்தார். அங்கே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். கடித்துக்கொண்டே தாளைப் பார்த்தார். எண்ணெய் ஊறிப் பளபளத்த தாளில், 'நீலச்சிறகி 1,860' என்று தெரிந்தது.

மீதி மூன்று வடையும் மேசையில் உருண்டன.

"இது யார் எடுத்த கணக்கு?"

தணிகாசலத்துக்கு உயிரே போய்விட்டது. "நாங்க இல்லம்மா! சத்தியமா நாங்க இல்ல. ஒரு பெரியவர் வந்தாரு. எவ்வளவோ சொல்லியும் கேக்காம அவர்தான் கணக்குப் போட்டாரு. நீங்க சொன்ன மாதிரி நாங்க எண்ண மட்டும்தான் செஞ்சோம்."

ரேஞ்சர் காதில் எதுவும் விழவில்லை. ஒவ்வொரு பெயராக வேறு படிவத்தில் வேகவேகமாக எழுதினார். மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. வரித்தலை வாத்து நாற்பத்தொன்று. ஒரே ஓர் இடத்தில் பேனா நின்றது. வடையின் ஓட்டை சரியாக அந்த எண்மேல் உட்கார்ந்து, வளையமாக எண்ணெயைப் பதித்திருந்தது.

"மடையான்னு போட்டிருக்கு. எண் அழிஞ்சிருக்கே. இங்க மடையான் எத்தனை?"

தணிகாசலம் சுற்றும் பார்த்தார். பெரியவர் அந்தப் பெயரைச் சொல்லித் தாங்கள் நால்வரும் திரும்பியது நினைவுக்கு வந்தது.

"நாலும்மா."

ரேஞ்சர் நாலு என்று எழுதினார். ஐந்து ஐம்பத்தேழுக்குக் கணக்கு மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீர்விளாகம் அந்த வட்டாரத்திலேயே முதலிடம் என்று ஆறரை மணிக்குப் பாராட்டு வந்தது.

அன்று மாலை ரேஞ்சர் யமுனா தன் மேசை இழுப்பறையைத் திறந்து தணிகாசலத்தின் நிரந்தர ஆணையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்து, முத்திரையும் போட்டிருந்தது. அதை ரத்து செய்ய மூன்று படிவங்களும் ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும். விளக்கக் கடிதத்தில் பென்குவின் வரும். வழங்குவதற்கு ஒரு கையெழுத்து போதும். கையெழுத்துப் போட்டார்.

இருபத்தாறாம் தேதி காலை ஏரிக்கரையில் கொடியேற்றம். கொடிக்கம்பத்துக்கு முன்னால், ஆணை வாங்குபவர் நிற்பதற்குச் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். புதுக் காக்கிச் சட்டையோடு தணிகாசலம் வட்டத்துக்குள் நின்றார். எதிரே அஞ்சலை, நல்ல புடவையில். ரேஞ்சர் ஆணையைக் கொடுத்துக் கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள் தணிகாசலம். இன்னையிலிருந்து நீங்க இந்த இடத்துல நிரந்தரம்."

தணிகாசலம் குனிந்து வட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். "சரிங்கம்மா," என்றார்.

மிட்டாய் கொடுத்தார்கள். எல்லோரும் கலைந்தார்கள். ஜீப் போய்விட்டது. தணிகாசலம் நின்றார்.

"வாய்யா, வீட்டுக்குப் போலாம்," என்றாள் அஞ்சலை.

"எப்படி வர்றது? இந்த இடத்துல நிரந்தரம்னு ஆர்டர் வந்தாச்சு."

"அதுக்கு?"

"வீட்டுல நான் தற்காலிகம்னு நீதானே சொன்னே?"

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தாள். பதினோரு வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. இனி யாரைக் குறை சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாளும் கொண்டுவந்தாள்.

ரேஞ்சர் வந்து விளக்கிப் பார்த்தார். தணிகாசலம் ஆணையை எடுத்து நீட்டினார். 'மேற்படி நபர் மேற்படி இடத்தில் நிரந்தரமாக்கப்படுகிறார்' என்று அதில் தெளிவாக இருந்தது. ரேஞ்சர் இரண்டு தடவை படித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். சாப்பாடு வீட்டிலிருந்து வந்ததால் அதில் சிக்கல் இல்லை. மற்ற அவசரங்களுக்குத் தணிகாசலம் முறைப்படி எழுதிக் கொடுத்துத் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டார். மற்ற மூவரும் தற்காலிகக் காவலர்கள் என்பதால் எங்கேயும் நிற்காமல் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்கள். எருமை பிச்சாண்டியின் பின்னாலேயே போயிற்று. மார்ச் கடைசியில் வரித்தலை வாத்துகள் இமயமலைக்குத் திரும்பின. லூர்துசாமி கையசைத்தார், கடைசி வரை படிக்க முடியவில்லை. மழை வந்து சுண்ணாம்பு வட்டம் கரைந்தது. தணிகாசலம் நினைவை வைத்தே நின்றார். தண்ணீர் ஏறி முழங்கால் வரை வந்தது. காக்கிச் சட்டை மெல்ல மெல்லச் சேற்று நிறத்துக்கு வந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி இருபத்துநான்காம் தேதி, காலை ஏழு மணிக்கு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அருளப்பன் நீர்விளாகம் ஏரியில் கணக்கெடுத்தார். கொடிக்கம்பத்தடி, தண்ணீர் ஓரம்: மடையான் ஐந்து. உறுதி செய்துகொள்ள அவர் அருகில் போனபோது நான்கு பறந்துவிட்டன.